ஊறும் ஓசையும்: ரித்விக் கட்டக்கின் திரைப்படங்களில் நினைவு

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலை முடிக்குமிடத்து, கண்ணாலும் செவியாலும் திட்பமாக உணரவல்லார்க்கே மெய்ப்பாட்டின் நுட்பம் புலனாகும் என்னும் கருத்தினை வைத்துள்ளார். பொருளதிகாரம் பயின்றோர் அனைவரும் அறிந்த கருத்து இது. ஆயினும், அதன்கண் ஒரு சொல் நம் கவனத்திற்குப் பெரும்பாலும் தப்பிவிடுகின்றது. கண்ணைக் கூறியவர் அதனோடு அமையாது, செவியினையும் அதற்கு ஒப்ப உடன் வைத்தார். பிறர் உள்ளத்து நிகழ்வதை அறியக் கண் ஒன்றே போதாது என்பது அவர் துணிபு. உரையாசிரியர்கள் இவ்விடத்தில் விரிவாக நின்றிலர். நாமும் அவர்களைப் பின்பற்றி விரைந்து கடந்து விட்டோம்.

இக்கருத்தினை ஈண்டு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. திரைப்படத்தை ஆராயப் புகுவோர், தமிழிலும் பிற மொழிகளிலும், அதனைக் 'காட்சிக் கலை' என்றே பெயரிட்டுத் தொடங்குகின்றனர். நினைவு என்னும் பொருளை ஆராயும்போது இந்தப் பெயர் பெரிதும் வழிதவறச் செய்கின்றது. நினைவு என்றாலே கடந்த காலத்தின் படம் என்றும், திரைப்படத்தில் நினைவு என்றால் முன்நிகழ்ச்சியை இடையே புகுத்திக் காட்டும் காட்சி என்றும் எளிதிற் கொண்டு விடுகின்றோம். இக்கொள்கை எல்லாப் படங்களுக்கும் பொருந்துவதன்று. சிறப்பாக, பெருந்துன்பத்தின் நினைவைப் பொருளாகக் கொண்ட ஒரு கலைஞரின் படங்களில் இது முற்றிலும் பொய்யாகி விடுகின்றது. அவர் வங்காளத்து ரித்விக் கட்டக். 1925 நவம்பர் 4இல் டாக்காவிற் பிறந்து, 1976 பிப்ரவரி 6இல் கல்கத்தாவில் மறைந்தவர். முற்றுப்பெற்ற முழுநீளப் படங்களாக அவர் விட்டுச் சென்றவை எட்டே. அவற்றுள் 'மேகே தாகா தாரா' (1960), 'கோமல் காந்தார்' (1961), 'சுபர்ணரேகா' (1962இல் எடுக்கப்பட்டு 1965இல் வெளிவந்தது) ஆகிய மூன்றும் 1947ஆம் ஆண்டின் நாட்டுப் பிரிவினையை அடிப்படையாகக் கொண்டவை. இம்மூன்றனுள் முதலாவதனை விரிவாகவும் ஏனையவற்றைச் சுருக்கமாகவும் நோக்குவாம்.

அதற்கு முன் ஒரு சொல்லாராய்ச்சி இன்றியமையாதது. மனத்தைத் தாக்கி ஆறாது நிற்கும் துன்பத்தைக் குறிக்க மேலைநாட்டார் வழங்கும் சொல், கிரேக்க மொழியில் உடலிற் பட்ட புண்ணைக் குறித்ததாகும். அதனைத் தமிழில் 'மனவடு' என்றும் 'உளக்காயம்' என்றும் எழுதி வருகின்றனர். இவை பிழையான சொற்கள் அல்ல. எனினும், 'ஊறு' என்னும் நம் பழஞ்சொல் இவற்றினும் நன்கு பொருந்தும் என்று கருதுகின்றோம். வள்ளுவர் ஐம்புலன்களை எண்ணுமிடத்துத் தொடுபுலனுக்கு ஊறு என்றே பெயர் தந்தார். அச்சொல்லே தீங்கு, இடையூறு, உடலிற் பட்ட காயம் ஆகியவற்றையும் குறிக்கும். தொடுதலும் புண்படுதலும் ஒரே சொல்லில் அடங்கிக் கிடக்கின்றன. ஒன்று நம்மேல் வந்து உறுகின்றது. உற்றது தங்கி விடுகின்றது. வடு என்பது புண் ஆறியபின் எஞ்சும் தழும்பு. நாம் ஆராயும் துன்பமோ ஆறாதது. ஆறாமையே அதன் இலக்கணம். 1920ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் ஃபிராய்டு, போரில் அதிர்ச்சியுற்று மீண்டவர்கள் தம் கனவில் அந்நிகழ்ச்சிக்கே மீண்டும் மீண்டும் திரும்புவதனை எடுத்துக் காட்டி, இன்பத்தை நாடும் மனம் இங்ஙனம் துன்பத்தை நாடுவது ஏன் என்று வினவினார். ஒருமுறை உற்றது, பலமுறை உறுகின்றது. எனவே இக்கட்டுரையில் ஊறு என்றே வழங்குவாம்.

பிரிவினையால் வங்காளம் பட்ட ஊறு பஞ்சாப் பட்டதனின் வேறானது. பஞ்சாபில் மக்கள் பெயர்ச்சி பெரும்பாலும் சில திங்களுக்குள் கொடிய வேகத்தில் நடந்து முடிந்தது. வங்காளத்திலோ அது பல ஆண்டுகள் நீண்டது. சியால்டா புகைவண்டி நிலையத்தின் மேடைகளில் குடும்பங்கள் வந்து இறங்கிய வண்ணமாகவே இருந்தன. கல்கத்தாவின் புறத்தே புதுக்குடியிருப்புகள் எழுந்தன. ஒரு நாளில் நிகழ்ந்து முடிந்த துன்பத்திற்குக் காட்சி உண்டு. ஆண்டுக்கணக்கில் வீட்டினுள் ஊடுருவிய துன்பத்திற்குக் காட்சி யாது? கட்டக்கின் கலை இவ்வினாவிலிருந்தே பிறக்கின்றது.

அவர் கண்ணின் வழியை அறியாதவர் அல்லர். வங்கப் பிரிவினையை முதன்முதலாகத் திரையில் வைத்த படம் நிமாய் கோஷ் இயக்கிய 'சின்னமூல்' (1950). சியால்டா நிலையத்தில் உண்மையான அகதிகளின் நடுவே எடுக்கப்பட்ட காட்சிகளை உடையது அது. கட்டக் அதில் நடித்ததோடு துணை இயக்குநராகவும் பணிபுரிந்தார். இந்த நிமாய் கோஷ் தமிழர்க்கு அயலார் அல்லர். பின்னர்ச் சென்னைக்கு வந்து வாழ்ந்து, 1960இல் 'பாதை தெரியுது பார்' என்னும் தமிழ்ப்படத்தை இயக்கியவர். அவர் தமிழ்ப்படம் இயக்கிய அதே ஆண்டில், அவரிடம் துணைநின்றவர் 'மேகே தாகா தாரா'வை வெளியிட்டார். அதில் அகதிகள் வந்திறங்கும் காட்சி இல்லை. தீயும் கொலையும் இல்லை. விட்டு வந்த ஊரின் வயலும் வீடும் ஒருமுறையேனும் காட்டப்படவில்லை. பத்தாண்டுகட்கு முன் தாம் துணைநின்று காட்டியதனைக் கட்டக் இப்போது முற்றாக மறைத்தார். இம்மறைப்பினைத் தற்செயல் என்று கொள்ள இயலாது.

இதன் தனித்தன்மையை அறிய, ஓராண்டு முன்னர் வெளிவந்த பிரெஞ்சுப் படம் ஒன்றை உடன் வைத்து நோக்கலாம். மார்கரித் துராஸ் எழுத, அலென் ரெனே இயக்கிய 'ஹிரோஷிமா மோன் அமூர்' (1959) என்பது அது. பிரெஞ்சுப் பெண் ஒருத்தி ஹிரோஷிமாவில் ஒரு விடியலில், உறங்கும் சப்பானியக் காதலனின் கை சற்றே துடிப்பதைக் காண்கின்றாள். அக்கணமே, நெவேர் நகரில் தான் காதலித்து இழந்த செருமானியப் போர்வீரன் இறந்து கொண்டிருந்தபோது அவன் கை கிடந்த நிலை திரையில் மின்னி மறைகின்றது. கண்டதொரு கை, முன் கண்டதொரு கையை எழுப்பியது. அதன்பின் அவள் கதை முழுதும் சிறிது சிறிதாகப் படமாக விரிகின்றது. இப்படத்தின் சிறப்பினை யாம் குறைத்துக் கூறவில்லை. நினைவு எவ்வாறு மனத்துட் புகும் என்பதனை இத்துணை நுட்பமாகக் காட்டியவர் சிலரே. ஆயினும், இங்கு நினைவுக்கு வாயில் கண். இழந்தது படமாக மீள்கின்றது. கட்டக்கிடம் மீள்வது படமன்று.

'மேகே தாகா தாரா' என்பதற்கு 'மேகம் மறைத்த விண்மீன்' என்பது பொருள். சக்திபத ராஜ்குருவின் கதையை அடியொற்றியது. கல்கத்தாவின் புறத்தே அகதிகள் குடியிருப்பில் வாழும் ஆசிரியர் ஒருவரின் மூத்த மகள் நீதா. அவள் உழைப்பில் வீடு நடக்கின்றது. தமையன் சங்கர் இசைப் பயிற்சியிலேயே காலங் கழிக்கின்றான். தங்கை கீதா அழகினள். தம்பி மண்டு விளையாட்டுப் பிரியன். நீதா யாருக்காகக் காத்திருந்தாளோ அந்தச் சனத் தங்கையை மணக்கின்றான். தந்தையும் தம்பியும் விபத்துக்கு உள்ளாகின்றனர். நீதாவுக்கு எலும்புருக்கி நோய் காண்கின்றது. சங்கர் பம்பாய் சென்று புகழ்பெற்ற பாடகனாக மீள்கின்றான். அவன் அவளை ஷில்லாங் மலையில் உள்ள மருத்துவமனையிற் சேர்க்க, அவள் அங்கே முடிவை எதிர்நோக்கி நிற்கின்றாள்.

அழுகை என்னும் மெய்ப்பாடு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கின்கண் தோன்றும் என்பது தொல்காப்பியம். தங்கையால் நேர்ந்த இளிவு, காதலனை இழந்த இழவு, மாதக் கடைசியின் வறுமை ஆகிய மூன்றும் கதையின் மேற்பரப்பிலேயே உள்ளன; யாவரும் காண்பர். நான்காவதாகிய அசைவே நம் ஆராய்ச்சிக்கு உரியது. முன்னைய நிலை கெட்டு வேறொரு நிலையில் வருந்துதலை உரையாசிரியர் அசைவு என்பர். அகதியின் நிலைக்கு இதனினும் செவ்விய விளக்கம் வேண்டுமோ? இவ்வசைவு இப்படத்தில் எங்கே உள்ளது என்று தேடினால், கண்ணுக்கு அகப்படுவது மிகச் சிறிது. நீதாவும் சங்கரும் சிறுவராய் இருந்தபோது மலையில் எடுத்துக்கொண்ட நிழற்படம் ஒன்று வீட்டில் உள்ளது. முற்காலத்திற்குக் காட்சிச் சான்றாக உள்ளது அஃதொன்றே. அதுவும் அசைவதில்லை, பேசுவதில்லை. கதை அதனுள் நுழைவதும் இல்லை.

இனிச் செவிக்கு வருவோம். சனத்தின் இல்லத்திற்குச் செல்லும் நீதா, அங்கே அவனோடு தன் தங்கை இருப்பதை அறிகின்றாள். ஒன்றும் பேசாது மாடிப்படிகளில் இறங்குகின்றாள். படப்பிடிப்புக் கருவி கீழிருந்து அவளை நோக்குகின்றது. அவள் கை கழுத்தருகே உயர்கின்றது. அப்போது சாட்டையடியின் ஒலி கேட்கின்றது. அவ்விடத்திற் சாட்டையும் இல்லை, அடிப்பவரும் இல்லை. கதைக்குள் இவ்வொலிக்கு யாதொரு காரணமும் காட்டப்படவில்லை. பின்னர், தங்கையின் திருமணத்தை ஒட்டிய இரவில் நீதா தமையனிடம் ஒரு பாடல் கற்பிக்கக் கேட்கின்றாள். புயலிரவில் வாயிற் கதவுகள் உடைந்து வீழ்ந்தமை பற்றிய தாகூரின் பாடலை இருவரும் இருளிற் பாடுகின்றனர். பாடல் முடிவை நெருங்கும்போது அதே சாட்டை மீண்டும் ஒலிக்கின்றது. அடிமேல் அடியாக விரைகின்றது. நீதா முகத்தை மூடிக் கதறி அழுகின்றாள்.

இவ்வொலியைக் குறை கூறியோர் பலர். அடக்கமான நடிப்பும் அழகிய பாடலும் உள்ள இடத்தில், மேடை நாடகத்துக்குரிய மிகையொலி எதற்கு என்பது அவர்தம் வினா. இதனை எளிதில் தள்ளிவிடலாகாது. முதன்முறை இப்படத்தைக் கண்டபோது எமக்கும் அவ்வொலி உறுத்தவே செய்தது. பன்முறை கண்டபின்னரே அந்த உறுத்தலே அதன் தொழில் என்பது புலனாயிற்று. சாட்டை என்னும் கருவியின் இயல்பை எண்ணிப் பார்க்க வேண்டும். கேட்கப்படுவதும் உறப்படுவதும் அதில் ஒன்றே. சாட்டையொலியைக் கேட்பவன் முதுகு தானே சுருங்கும். செவிப்புலனிற் புகுந்தது தொடுபுலனில் முடிகின்றது. திரைப்படத்தில் உள்ளவை ஒளியும் ஓசையும் ஆகிய இரண்டே. ஊறு அதற்கு இல்லை. இல்லாத ஊற்றினைக் கட்டக் ஓசையின் வழியே வரவழைத்தார். ஊறு என்னும் சொல்லின் இருபொருளும் இந்த ஓரொலியில் ஒருங்கே நிறைவுறுகின்றன.

மற்றொன்றும் உண்டு, எம் கருத்தில் இதுவே முதன்மையானது. அச்சாட்டைக்குக் கையில்லை. காதலன் ஏமாற்றினான் என்றால் அக்கை சனத்தினுடையது என்னலாம். ஆனால், சனத் அத்துணை வலிமை உடையவன் அல்லன்; அவனும் வறுமையில் தளர்ந்தவனே. கீதா எனின், அவளோ வறிய வீட்டினின்று தப்ப விழையும் சிறுபெண். தாய் எனின், அவள் அஞ்சுவது பட்டினிக்கு. நீதாவின் நோயினை அறிந்த தந்தை விரலை நீட்டி, குற்றஞ்சாட்டுவதாக ஆங்கிலத்திற் கூவுகின்றார். யாரை என்று கேட்கும்போது, ஒருவரையும் அன்று எனக் கூறிக் கையைத் தாழ்த்தி விடுகின்றார். அந்த விரலும் இச்சாட்டையும் ஒன்றற்கொன்று விளக்கமாக உள்ளன. விரல் கண்ணுக்குரியது, சுட்டுவதற்கு ஆள் இன்மையின் தாழ்ந்தது. சாட்டை செவிக்குரியது, அடிப்பதற்கு ஆள் இல்லாமலே அடிக்கின்றது. எல்லைக் கோட்டினை வரைந்தவர் யார், வரைய ஒப்பினவர் யார், அதனால் வீடு இழந்தவர் ஒருவரையொருவர் தின்று வாழ நேர்ந்தது எங்ஙனம் என்னும் நீண்ட காரணத் தொடரில், கண்ணாற் கண்டு சுட்டத்தக்க குற்றவாளி ஒருவன் அகப்படுவதில்லை. அடி மட்டும் விழுகின்றது. இதனை ஒரு காட்சியால் உணர்த்த முயன்றிருந்தால் யாரேனும் ஒருவரைக் கொடியவராக்கியே தீரவேண்டியிருக்கும்.

சாட்டையின் அளவு பேசப்படாத வேறோர் ஒலி இப்படத்தில் உள்ளது. சனத்தும் நீதாவும் பேசிக்கொண்டிருப்பதைத் தாய் நோக்குகின்றாள். மகள் மணமாகிப் போய்விட்டால் வீட்டு அடுப்பு என்னாவது என்னும் அச்சம் அவள் முகத்தில் நிழலிடுகின்றது. அம்முகம் திரையை நிறைக்கும்போது, அடுப்பில் உலை கொதிக்கும் ஓசை இயல்பினை விஞ்சி மேலெழுகின்றது. சாட்டை புறத்தேயிருந்து வந்த ஒலி. இது வீட்டிலுள்ள ஒலியே. அளவு ஒன்றே மாறியது. சோறு கொதிப்பது தாயின் உள்ளம் கொதிப்பதாயிற்று என்று உவமை கூறி நின்றுவிடுதல் எளிது. ஆனால், அவ்வோசையில் முதற்கண் நாம் உணர்வது பசி. ஒருமுறை நிலம் இழந்து பட்டினியை அறிந்தவள், கொதிக்கும் உலையின் ஓசையில் அதன் மறுபுறமான அமைதியையும் கேட்கின்றாள். சுவைப்புலனும் செவியின் வழியே வந்தது. நாற்றத்திற்கு மட்டும் கட்டக் ஒரு வழியும் கண்டிலர் போலும். அவர் படங்களில் அதற்கு எடுத்துக்காட்டுத் தேடி யாம் தோற்றோம்.

செவியை இங்ஙனம் உயர்த்தியவர் கண்ணைப் பற்றி யாது கருதினார் என்பதற்கும் படத்திலேயே சான்றுண்டு. தொடக்கத்தில் சங்கர் தங்கையின் கையிலிருந்து காதற்கடிதம் ஒன்றைப் பறித்து விளையாடுகின்றான். பிற்பகுதியில் ஊர் திரும்பியவன், அவள் எதையோ மறைப்பதைக் கண்டு, மீண்டும் கடிதமே என்று எண்ணி நகைத்தவாறே பறிக்கின்றான். கையில் வந்தது குருதி படிந்த துணி. கண் பழைய காட்சியையே கண்டது, பிழைபட்டது. அன்பு மிகுந்தவன் கண்ணே இங்ஙனம் ஏமாறும் எனின், ஏனையோர் கண் எம்மாத்திரம்?

மரபியலில் உயிர்களை அறிவு வகையால் வரிசைப்படுத்துமிடத்து, ஊறு முதலாகத் தொடங்கிச் சுவை, நாற்றம், காட்சி எனச் சென்று, கேள்வியை ஐந்தாவதாகவும் மனத்தை ஆறாவதாகவும் தொல்காப்பியர் வைத்துள்ளார். கட்டக் இவ்வைப்புமுறையை அறிந்து படம் எடுத்தார் என்று யாம் கூறவில்லை. அத்தகைய ஒப்பீட்டினால் விளையும் பயன் சிறிது. செவியை மனத்திற்கு அடுத்ததாக வைத்த மரபில் வந்த நாம், அவர் முறையை விளங்கிக்கொள்வதற்கு நம் கையிலேயே கருவி உண்டு என்பதனை நினைவூட்டவே இது கூறினோம்.

கேட்பவர் செவியும் வெறுஞ்செவியன்று. சங்கர் பாடும் பாடல்களுள் ஒன்று அம்சத்துவனி இராகத்தில் அமைந்தது. திரையில் தோன்றாது அதனைப் பாடியவர் ஏ. டி. கானன், சென்னையிற் பிறந்து கல்கத்தாவில் வாழ்ந்த இந்துத்தானி இசைவாணர். அம்சத்துவனியோ தமிழ்நாட்டில் முத்துசுவாமி தீட்சிதரின் தந்தையார் இராமசுவாமி தீட்சிதர் ஆக்கியதென்பர். மத்திமமும் தைவதமும் இல்லாத ஐந்து சுர இராகம். பின்னரே வடநாட்டு இசையிற் புகுந்தது. 'வாதாபி கணபதிம்' கேட்டு வளர்ந்த தமிழன் செவிக்கு இது கச்சேரித் தொடக்கத்தின் மங்கல ஒலி. வறுமையும் கடனும் சூழ்ந்த அக்குடியிருப்பில் அது எழும்போது, வங்காளியின் செவியிற் படாத ஒரு நினைவு நம் செவியிற் படுகின்றது. அங்ஙனமே, வங்காளியின் செவிக்கு எட்டுவன பல நமக்கு எட்டா. படத்து முதியோர் வாய்ப்பேச்சில் கீழ்வங்க வழக்கு ஒலிப்பதாகவும், இழந்த ஊர் அப்பேச்சிலேயே உயிரோடிருப்பதாகவும் அம்மொழி வல்லார் கூறுவர். திரையின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளைப் படித்துக்கொண்டு காணும் நமக்கு, கேட்கவேண்டியதெல்லாம் படிக்கவேண்டியதாகி விடுகின்றது. செவிக்கென்று செய்த படத்தைக் கண்ணுக்கு மாற்றித் தருவது அவ்வரி. இக்குறையை ஒப்புக்கொண்டே மேற்செல்கின்றோம். வங்கமொழி அறிந்த தமிழ் மாணவர் எவரேனும் இப்பகுதியை ஆராயின் எம் கருத்துகளிற் சில திருத்தம் பெறலாம்.

'கோமல் காந்தார்' தன் பெயரிலேயே ஓர் ஓசையை உடையது. நம் இசையில் சாதாரண காந்தாரம் எனப்படும் சுரம் அது. நாடகக் குழுக்களின் பிணக்கினைக் கூறும் இப்படத்தின் பல பகுதிகள் தளர்ந்தவை. உட்பகைச் செய்திகளை அறியாதார்க்குச் சில இடங்கள் விளங்கவும் மாட்டா. ஆனால், ஒரு காட்சிக்காகவே இது நிலைபெறும். பிருகுவும் அனசூயாவும் பத்மா ஆற்றங்கரையில் நிற்கின்றனர். எதிர்க்கரை அப்போது கிழக்குப் பாகிஸ்தான். 1971 முதல் வங்காளதேசம். முன்பு இரு கரையையும் இணைத்த புகைவண்டிப் பாதை இப்போது ஆற்றங்கரையில் தடைக்கட்டையோடு முடிந்து போயிற்று. கூட்டற்குறியாக இருந்தது கழித்தற்குறியாக மாறிவிட்டது என்பது பிருகுவின் எண்ணம். அவர்கள் பேசி முடித்தபின், படக்கருவி அத்தண்டவாளத்தின்மேல் பேய்வேகத்தில் ஓடுகின்றது. புயலில் அகப்பட்ட படகோட்டிகள் அலியை விளித்து வேண்டும் குரல் மேன்மேல் ஓங்குகின்றது. தடைக்கட்டையை அடைந்ததும் திரை கருத்து விடுகின்றது. கண்ணுக்கு உரியதெல்லாம் அங்கே முடிந்தது. அக்குரல் யாருடையது? படகு எதுவும் திரையில் இல்லை. வண்டி ஓடிய நாளில் அங்கே படகும் ஓடியது என்பதனை அந்தக் குரல் ஒன்றே அறியும். இந்துக் குடும்பத்து அகதியின் நினைவில் எழும் வேண்டுகோள் ஓர் இசுலாமியப் படகோட்டியின் வேண்டுகோளாக இருப்பதைக் காண்க. பிரிவினை எவற்றைப் பிரித்தது என்பதனை எந்த வாதத்தினும் வலிமையாக அது கூறிவிடுகின்றது.

'சுபர்ணரேகா'வைப் பற்றி எம் மதிப்பீடு இருவகைப்பட்டது. குழந்தைப் பருவத்தில் தாயினின்றும் பிரிக்கப்பட்ட அபிராம், வளர்ந்தபின் ஒரு புகைவண்டி நிலையத்தில் உயிர் பிரியும் நிலையிற் கிடக்கும் பெண்ணொருத்தியைக் காண்கின்றான். அவள் பெயர் கூறப்படுவதைக் கேட்ட பின்னரே தன் தாய் என அறிகின்றான். தாய்முகத்தைக் கண் இழந்துவிட்டது. பெயரைச் செவி இழக்கவில்லை. அந்தப் பெயரோடு, அதுவரை மறைந்திருந்த அவனது தாழ்த்தப்பட்ட சாதியும் வெளிப்படுகின்றது. நினைவு எப்போதும் இனிய மீட்சி அன்று என்பதற்கு இது தக்க சான்று. இதுவரை படம் உயர்ந்தே நிற்கின்றது. இறுதியில், மது மயக்கத்தில் மூக்குக்கண்ணாடியும் இன்றிப் பரத்தையொருத்தியை நாடிச் செல்லும் ஈசுவர், தன் தங்கை சீதையின் வாயிலிலேயே சென்று நிற்பதும், அவள் அரிவாள்மணையால் உயிர்விடுவதும் வேறு வகையின. எந்தப் பெண்ணிடம் சென்றிருப்பினும் அவள் அவனுக்குத் தங்கையே என்று இதற்கு அமைதி கூறுவர். கூற்று அழகியது, ஆயினும், கூற்றினை நிறுவுதற்கென்றே கதை வளைக்கப்பட்டதனை அது மறைக்கவில்லை. சாட்டையொலியை ஏற்ற யாம் இந்நிகழ்ச்சியை ஏற்கத் தயங்குவது முரணாகத் தோன்றலாம். ஒலியில் மிகை இருந்தால், ஒருவர்மீதும் பழி சுமத்தாது அது உணர்வைப் பெருக்கும். கதையில் மிகை இருந்தால், நிகழ்ந்தது ஊழ் என்றாகி, மக்கள் செய்தது மறைந்து போகும். அப்படத்திலும் பிழையற்ற ஓரிடம் முடிவில் உள்ளது. சீதை சிறுமியாய் இருந்தபோது பாடிய பாடலை, தாய் இறந்தபின், அவள் மகன் பாடிக்கொண்டு மாமனோடு நடக்கின்றான். அவன் அவ்வூரைக் கண்டதில்லை, கேட்டிருக்கின்றான்.

கட்டக்குக்குப் பின் கால் நூற்றாண்டு கழித்து, பிரெஞ்சுக் கலைஞர் குளோது லான்சுமான், யூதர் படுகொலை பற்றிய 'ஷோவா' (1985) என்னும் ஒன்பது மணி நேரத்தினும் நீண்ட படத்தில், அக்காலத்துப் பழைய படத்துண்டு ஒன்றனையும் சேர்க்க மறுத்து, வாய்மொழிச் சான்றுகளையே வைத்தார். அவ்வாறு மறுத்ததற்காக உலகம் அவரைப் பெரிதும் பேசிற்று. வங்கத்தில் அதனினும் முற்பட்டு, ஆவணப்படமாக அன்றிக் கதைப்படமாகவே அம்மறுப்பு நிகழ்ந்தது என்பதை மேலைத் திறனாய்வாளர் நெடுங்காலம் அறிந்திலர். அறியாமைக்குக் கட்டக்கின் படங்கள் அயல்நாடுகளுக்குப் போய்ச் சேராமை ஒரு காரணம். அவற்றைக் கண்ணாலேயே கண்டு 'மிகை' என ஒதுக்கியமை மற்றொரு காரணம்.

மீண்டும் நீதாவிடம் வருவோம். மழை பெய்யும் இரவில் தந்தை அவளை வீட்டை விட்டுப் போய்விடுமாறு கூறுகின்றார். மாடி வீடு கட்டும் கனவில் இருக்கும் குடும்பத்திற்கு அவள் நோய் இனிச் சுமை. அவள் சிறுவயது நிழற்படத்தை அணைத்துக்கொண்டு வெளியேறும்போது, புகுந்த வீட்டிற்குச் செல்லும் மகள் உமையை நினைந்து தாய் மேனகை புலம்பும் நாட்டுப்பாடல் எழுகின்றது. மணம் காணாத மகளுக்கு மணமகளை விடைகொடுக்கும் பாடல்! நிழற்படத்தில் இருந்த மலையை அவள் இறுதியில் அடைகின்றாள், நோயாளியாக அடைகின்றாள். சங்கர் வந்து வீட்டுச் செய்திகளைக் கூறுகின்றான். கீதாவின் குழந்தை ஓடி விளையாடுவதைக் கூறுகின்றான். திடீரென நீதா, தான் வாழவே விரும்பியதாக அலறுகின்றாள். படக்கருவி அவளை விட்டு நீங்கி மலைகளைச் சுற்றிச் சுழல்கின்றது. பைன் மரங்களும் முகடுகளும் வானமும் கடந்து செல்கின்றன. அவள் உருவம் இல்லை. அவள் குரல் மலைக்கு மலை எதிரொலிக்கின்றது. படத்தின் தொடக்கத்திலிருந்து பிறர் ஒலிகளைத் தாங்கிக்கொண்டிருந்த பெண், தன் ஒலியை முதன்முறையாக வெளியே விட்டாள். சாட்டைக்குக் கையில்லாதவாறே இக்குரலுக்கும் உடலில்லை.

அதன்பின் சங்கர் குடியிருப்புக்குத் திரும்புகின்றான். தெருவில் வேறொரு பெண் வேலைக்குச் செல்கின்றாள். படத் தொடக்கத்தில் நீதாவுக்கு அறுந்தது போலவே அவள் செருப்பின் வாரும் அறுகின்றது. அவள் சங்கரைப் பார்த்துச் சிறிது நகைத்துவிட்டு, செருப்பை இழுத்தவாறே நடக்கின்றாள். சங்கர் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொள்கின்றான். மேனகையின் புலம்பல் மட்டும் தொடர்ந்து கேட்கின்றது.